சிகிச்சை நேரத்தில் எதைச் சாப்பிடக் கூடாது? பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, உதவுங்கள்

முதல்_சுற்று

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து எனக்கு ஊசி ஆரம்பம், முதல் ஐவிஎஃப், அதாவது கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, திரும்பக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. எந்த ஊசியை எத்தனை மணிக்குப் போட வேண்டும், ஸ்கேனுக்கு எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் "நல்லா சாப்பிடுங்க, காபியைக் குறைச்சுக்கோங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சரி, நாமே தேடிப் பார்ப்போம் என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து தேடி எழுதியதில் பட்டியல் 43 வரி வந்துவிட்டது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். காபி, டீ, மீன், முட்டை, பால், சீஸ், சோயா, கோதுமை, சர்க்கரை, அன்னாசி, ஐஸ் தண்ணீர் என்று போகிறது. ஓரிடத்தில் கூடாது என்பதை இன்னோரிடத்தில் கட்டாயம் சாப்பிடு என்கிறார்கள்.

நேற்று அலுவலகத்தில் ஒரு பிறந்த நாள். கேக்குக்குள் அன்னாசித் துண்டு இருந்தது வாயில் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அங்கேயே நின்று அழுதேன். ஊசியே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இப்படி. இந்த 43இல் எது நிஜம், எது சும்மா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்று_முறை

முதலில் ஒன்று சொல்கிறேன் தோழி, அந்தத் தாளைக் கதவிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டு பயமுறுத்தும். நானும் ஒட்டி வைத்திருந்தவள்தான்.

மூன்று முறை சிகிச்சை எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று எழுதிப் பாருங்கள். காரணம் சொல்ல முடிகிறதோ அது இருக்கட்டும், முடியாததை அடித்துவிடுங்கள். என் தாளில் கடைசியில் ஏழெட்டு வரிதான் மிஞ்சியது.

மதுவில் பேரம் வேண்டாம். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பாதிப்பில்லை என்று யாரும் ஓர் அளவைச் சொல்லவில்லை. கரு வைத்த பிறகு நீங்கள் கர்ப்பமா இல்லையா என்று தெரியாத இரண்டு வாரம் வேறு இருக்கிறது. ஊசி தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள், அவரும் நிறுத்தட்டும். புகையும் அப்படித்தான், உணவில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

காபியில்தான் நான் ஏமாந்தேன். ஒரு நாளைக்கு காஃபீன் 200 மி.கி.க்குள் இருக்கட்டும் என்பது கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு, சிகிச்சையிலும் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மக் இன்ஸ்டன்ட் காபியில் சுமார் 100, வடிகட்டிய காபியில் 140, டீயில் 75, 330 மி.லி. கோலாவில் 40, 250 மி.லி. எனர்ஜி பானத்தில் 80 என்பது பொதுவான கணக்கு. நானோ "தினம் ரெண்டே மக்தான்" என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் என் மக்கில் தண்ணீர் பிடித்து, மில்லி கோடு போட்ட அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். 400ஐத் தாண்டி நின்றது! இரண்டு மக் என்று நான் நினைத்தது நிஜத்தில் மூன்றுக்கு மேல். அன்றைக்கே சின்னக் கோப்பைக்கு மாறினேன், காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. முழுசாக விட்டிருந்தால் தலைவலியில் மாத்திரை போட வேண்டி வந்திருக்கும், அது எனக்குச் சரிப்பட்டிருக்காது.

பசுங்கிளை

மேலே சொன்னதோடு எனக்கு முழுசாக உடன்பாடில்லை. நான் இரண்டாவது சுற்றுக்கு முன் மூன்று மாதம் சர்க்கரை, பால், கோதுமை, காபி நான்கையும் அடியோடு விட்டேன். முதல் சுற்றில் நான்கு கருமுட்டைதான் கிடைத்தது, இரண்டாவதில் ஒன்பது. இது ஒன்றுமே இல்லை என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? விட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

தட்டும்_அளவும்

பசுங்கிளை, உங்களுக்கு ஒன்பது கிடைத்ததில் மனதார சந்தோஷம். நான் மருத்துவமனையில் உணவியல் பணியில் இருக்கிறேன், சிகிச்சை எடுப்பவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் தினசரி வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சுற்றில் மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்றுவது சாதாரணமாக நடப்பதுதான், உங்களுக்கும் மாற்றியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரே பெண்ணுக்கே சுற்றுக்குச் சுற்று முட்டை எண்ணிக்கை மாறும். கோதுமையை விடுவது, கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு நிச்சயம் தேவை, கவனிக்காமல் விட்ட சீலியாக் கருத்தரிப்பையே தடுக்கக்கூடும். அது இல்லாதவர்கள் விட வேண்டிய அவசியமில்லை. பாலை விட்டால் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். நான்கையும் விட்டுவிட்டு ஊசி நாட்களில் பாதி வயிறாக, தூக்கமில்லாமல், எடை குறைந்து வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன், அதுதான் நஷ்டம். ஆனால் சர்க்கரை விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 2004இல் தொடங்கி ஐவிஎஃப் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த எர்த் ஆய்வில், சிகிச்சைக்கு முன் சர்க்கரை போட்ட குளிர்பானங்களை அதிகம் குடித்த பெண்களுக்குக் கிடைத்த முட்டைகள் குறைவாக இருந்தன. அது ஒரு தொடர்பு, காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் குளிர்பானத்தை விடுவதால் யாருக்கும் எதுவும் குறையப் போவதில்லை, அதனால் விடச் சொல்லிவிடுகிறேன். பிசிஓஎஸ் என்ற சூலக ஹார்மோன் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் இன்னும் அழுத்தமாக.

இனி நிஜமாகவே தவிர்க்க வேண்டியவை. இவற்றில் பெரும்பாலானவை கரு ஒட்டுவதைத் தடுக்கும் என்பதற்காக இல்லை, ஒட்டிய பிறகு ஆபத்து என்பதற்காக. கரு வைக்கும் நாளில் திடீரென்று பழக்கத்தை மாற்ற முடியாது, ஆகவே முன்கூட்டியே.

பச்சைப் பாலும் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸும் வேண்டாம். காரணம் லிஸ்டீரியா. சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் காட்டக்கூடிய கிருமி அது, அதாவது ஊசி நாட்களில் சாப்பிட்டது கர்ப்பத்தில் வந்து நிற்கலாம். ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், அதனால் குளிரவைத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பாஸ்டரைஸ் செய்த பால், கெட்டியான சீஸ், தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அரைவேக்காட்டு இறைச்சி, உள்ளே சிவப்பாக இருக்கும் கறி, பச்சை மீன், முளைகட்டிய பயிறைப் பச்சையாகச் சாப்பிடுவது, பச்சை முட்டை போட்ட சாஸ், இவையும் அதே வகை. நன்றாக வெந்தால் பிரச்சினை தீர்ந்தது. கீரையையும் பழத்தையும் கழுவிச் சாப்பிடுங்கள்.

மீனை அடியோடு விடுபவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. விட வேண்டியது சுறா, வாள்மீன், பெரிய சூரை மாதிரி மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களை. பாதரசம் அவற்றில்தான் சேர்ந்துகொண்டே போகும், நம் உடம்பை விட்டுப் போகவும் மாதக் கணக்கில் ஆகும். மத்தி, நெத்திலி, சால்மன் போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடுவது நல்லது.

ஈரல். இதை யாரும் பட்டியலில் எழுதுவதே இல்லை. இரும்புச்சத்துக்காக வாரா வாரம் ஈரல் சாப்பிட்டு, கூடவே வைட்டமின் ஏ உள்ள மல்டிவைட்டமினும் போடுபவர்கள் உண்டு. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, அதிகமானால் கருவுக்குப் பிறவிக் குறை வரலாம். ஈரல் ஒரு தட்டிலேயே அந்த அளவு எளிதாகத் தாண்டிவிடும். கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின், அதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

முதல்_சுற்று

ஐயோ, ஈரலை நான் நல்லது வரிசையில் எழுதி வைத்திருந்தேன்! நன்றி. அன்னாசி? சோயா?

தட்டும்_அளவும்

அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அதை வைத்து இரண்டு கதை ஓடுகிறது. கரு வைத்த பிறகு நடுத்தண்டை ஐந்து நாள் சாப்பிட்டால் கரு ஒட்டும் என்று ஒன்று, சாப்பிட்டால் கலைந்துவிடும் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. நீங்கள் துப்பிய அந்தத் துண்டை முழுங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிடித்தால் சாப்பிடுங்கள், நெஞ்செரிச்சல் வந்தால் விடுங்கள்.

சோயா ஹார்மோனைக் குழப்பும் என்று பயப்படுகிறார்கள். அதே எர்த் ஆய்வில் சோயா சாப்பிட்ட பெண்களுக்குக் குழந்தை பிறப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடவே இருந்தது. உணவாகச் சாப்பிடும் சோயாவைப் பற்றித்தான் சொல்கிறேன், சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோனைத் தனியாகப் பிரித்துச் செய்யும் மாத்திரையைப் பற்றி இல்லை.

கறுப்பு_உறை

மாத்திரை என்றதும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் சுற்று ஒன்று தள்ளிப்போனது உணவால் இல்லை, முடி மாத்திரையால்.

சிகிச்சை மன அழுத்தத்தில் முடி கொட்டியது. கறுப்பு உறை போட்ட ஒரு கேப்சூல் வாங்கி தினம் போட்டேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு எண்கள் தாறுமாறாக வந்தன, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ரொம்பக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 ரொம்ப அதிகம். படபடப்பில்லை, எடை குறையவில்லை, உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. சுற்றைத் தள்ளி வைத்தார்கள். ரத்தம் எடுக்கும் பெண்தான் "முடிக்கு, நகத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம் என்று பொடி எழுத்தில் இருந்தது. ஒரு நாளைக்குத் தேவை 30தான். சில வகை ரத்தப் பரிசோதனைகளின் வேதிமுறையே பயோட்டினை வைத்து நடக்கிறதாம், உடம்பில் அது மிதமிஞ்சி இருந்தால் எண் பொய்யாகக் கூடும் அல்லது குறையும். எஸ்ட்ரடையோல், ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி எல்லாமே இதில் மாட்டலாம். அதாவது கர்ப்பமாக இருந்தும் எண் குறைவாக வர வாய்ப்புண்டு. நிறுத்திவிட்டு சில நாள் கழித்து எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

மாத்திரை, பொடி, கஷாயம் என்று என்னென்ன உள்ளே போகிறதோ அத்தனையின் டப்பாவையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாது, பின்பக்க எழுத்தை அவர்கள் படிக்க வேண்டும்.

மூன்று_முறை

இதோடு சேர்க்க இரண்டு விஷயம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு கேப்சூல், ஜின்கோ போன்றவை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், முட்டை எடுப்பதற்கு முன் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும், இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. நான் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு முழுங்கிக்கொண்டிருந்தேன், டிஎஸ்எச் ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் புரியவில்லை.

பாதிப்_பங்கு

ஆண்கள் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், வரவில்லை, நானே எழுதுகிறேன். என் மனைவி தட்டில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தபோது நான் எதையும் மாற்றவில்லை. யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று நான் குடிப்பதும் புகைப்பதும் அடுத்த இரண்டு மூன்று மாதத்துச் சோதனையில் தெரியும். பெண்ணுக்கு ஊசி ஆரம்பித்த அன்று நல்ல பிள்ளையாக மாறிப் பிரயோஜனமில்லை.

ஜிம்முக்குப் போகும் தம்பிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தசை வளர என்று தரும் ஸ்டீராய்டு, இவை வெளியிலிருந்து உள்ளே போனால் மூளை "போதும்" என்று நினைத்து விந்தணுவை உண்டாக்கும் விரைகளுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம், திரும்பி வர மாதங்கள் ஆகும். சில பவுடர்களில் லேபிளில் எழுதாமலே கலந்திருப்பார்கள். எனக்கு நடந்தது அதுதான், முதல் அறிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, பவுடரை நிறுத்தி ஏழு மாதம் கழித்துத்தான் எண் தெரிந்தது. அந்த ஏழு மாதமும் என் மனைவி தன் உடம்பில்தான் குறை என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

விந்தணு கூட்டும் என்று விற்கும் மாத்திரைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2020இல் வந்தது, குழந்தை பிறப்பு கூடவில்லை. பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் அவசியம், அது வேறு கதை.

ஒரே_ஒரு_கப்

இவ்வளவு நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் என் டிரான்ஸ்ஃபர், அதாவது கரு வைத்தது, தோற்றது. ஐந்தாம் நாள் கரு, நல்ல தரம் என்றார்கள். வைத்த நான்காம் நாள் தாங்க முடியாமல் ஒரே ஒரு கப் காபி குடித்தேன். ரிசல்ட் வந்ததிலிருந்து அந்தக் கப்தான் கண்ணில் நிற்கிறது. வீட்டிலும் ஒருவர் அதைச் சொல்லிக் காட்டிவிட்டார்.

முப்பத்தேழு_டிகிரி

உங்களுக்காகவே எழுதுகிறேன். நான் கரு வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவள். 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, நாளுக்கு நாள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் வேலை. ஐந்தாம் நாள் உருண்டையாக, ஓரத்தில் செல்கள் வரிசை கட்டி, உள்ளே ஒரு சின்னக் கொத்தாக, பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும் கருவில்கூட குரோமோசோம் எண்ணிக்கை தப்பாக இருக்கலாம். வெளியே பார்த்து அதைச் சொல்ல முடியாது. கரு நிற்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். அந்த முட்டை நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உண்டாகி, பாதியில் நின்றபடி இத்தனை வருஷம் காத்திருந்தது. முதிரும் நேரத்தில் மீதிப் பிரிதலை முடிக்கும்போது குரோமோசோம்கள் சரிசமமாகப் பிரியாவிட்டால் பிசகு வருகிறது, வயது கூடக் கூட அது அதிகமாகும். நான்காம் நாள் கப் காபியால் அதைச் செய்யவும் முடியாது, திருத்தவும் முடியாது.

வீட்டில் சொன்னவரிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

ஒரே_ஒரு_கப்

காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் இன்று காலை எனக்கும் சேர்த்து காபி போட்டார்.

பசுங்கிளை

இதைப் படித்துவிட்டு என் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், நான் கவனிக்கவே இல்லை. இருந்தாலும் குளிர்பானம் விட்டதில் எனக்கு வருத்தமில்லை. பால் மட்டும் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன்.

முதல்_சுற்று

கடைசியாக ஒரு சந்தேகம். முட்டை எடுக்கும் நாளுக்கும் கரு வைக்கும் நாளுக்கும் தனியாக ஏதாவது உண்டா?

தட்டும்_அளவும்

முட்டை எடுக்க மயக்கம் கொடுப்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள், பால் போட்ட காபி உணவுக் கணக்கில்தான் வரும். உங்களுக்கு எழுதித் தந்த நேரம் வேறாக இருந்தால் அதையே கடைப்பிடியுங்கள், மறந்து சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு வயிறு உப்பும். ஒரேயடியாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஒரே நாளில் எடை கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ வீட்டில் வைத்தியம் பார்க்காமல் உடனே அழையுங்கள், அது முட்டை உருவாகும் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

கரு வைக்கும் நாளில் பெரும்பாலும் மயக்கம் இல்லை, பட்டினியும் இல்லை. ஸ்கேனில் தெளிவாகத் தெரிய சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள். அதன் பிறகு போடும் ப்ரோஜெஸ்டிரோன் மலச்சிக்கல் தரும், அதனால் பழம், காய், பயறு கொஞ்சம் கூடுதலாக. ஐஸ் தண்ணீர் குடிக்கலாம், அதுவும் உங்கள் பட்டியலில் இருந்ததே.

முதல்_சுற்று

தாளைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியதில் ஒன்பது வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம். ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை, மருந்துப் பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். என் மக்கையும் அளந்தேன், 350. அவர் தன் புரதப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதுவும் பையில் வருகிறது.